தம்பிக்கு எதிராக ஊதிய விசில்

பெனால்டியை டெனிஸ் தடுத்துவிட்டான்.

இடப் பக்கம் நீளமாகப் பாய்ந்து விரல் நுனியால் தட்டினான். பந்து கம்பத்தை உரசிக்கொண்டு வெளியே போய், கரையில் கவிழ்த்துப் போட்டிருந்த ஒரு மீன்பிடி வல்லத்தில் மோதி நின்றது. அடுத்த நொடி ஊரே மைதானத்துக்குள் இருந்தது. கைலியை மடித்துக் கட்டியவர்கள், கைக்குழந்தையை இடுப்பில் இடுக்கியவர்கள், சைக்கிளை அப்படியே சாய்த்துவிட்டு ஓடி வந்தவர்கள். மணல் எழும்பிக் காற்றோடு சேர்ந்து கண்ணைத் திறக்கவிடவில்லை. மைக் செட்டில் ஒருவர் "டெனிசு! நம்ம டெனிசு!" என்று தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தார்.

டெனிஸ் என் கூடப் பிறந்த தம்பி. எங்கள் ஊர் அணியின் கோல்கீப்பர். கேப்டனும் அவன்தான். அன்றைய ஆட்டத்தின் நடுவர் நான்.

அந்தக் கூட்டத்தின் நடுவில் நின்றுகொண்டு, விசிலை வாயில் வைத்து, என் மூச்சில் இருந்த அத்தனையையும் கொட்டி ஊதினேன். பெனால்டியை மறுபடி அடிக்கச் சொன்னேன்.

ஏன் அப்படிச் செய்தேன் என்பதைச் சொல்லக் கொஞ்சம் சுற்றிக்கொண்டுதான் வர வேண்டும்.

ஊர் இல்லாத உத்தியோகம்

போன வாரம் இந்தப் பத்தியில் ஐஸ்வால் மைதானத்தைப் பற்றி எழுதியிருந்தேன் அல்லவா, அதைப் படித்துவிட்டு நான் வேலை பார்க்கும் பள்ளியின் தமிழாசிரியை கேட்டார்: "இத்தன ஊரு மைதானத்துல ஓடியிருக்கீங்களே டீச்சர், நம்ம ஊர்ல ஊதுனதே இல்லையா?"

நல்ல கேள்வி. கால்பந்து நடுவருக்கு எழுதாத சட்டம் ஒன்று உண்டு. சொந்த ஊர் ஆடும் ஆட்டத்துக்கு அவரைப் போட மாட்டார்கள். நியாயம்தான். அதனால் ஒரு விளையாட்டுக்காரருக்குக் கிடைக்கிற சுகம் நடுவருக்குக் கிடைப்பதில்லை. ஆடுகிறவருக்குச் சொந்த மைதானம் என்று ஒன்று இருக்கும். அங்கே அவர் நுழைந்ததும் கை தட்டுவார்கள். நடுவர் எந்த மைதானத்தில் நுழைந்தாலும் ஒரு முணுமுணுப்புதான் எழும்பும். அதிலும் நடுவர் பெண் என்றால் முதலில் ஒரு சிரிப்பு, அதற்குப் பிறகு முணுமுணுப்பு.

மதுரையில் கல்லூரி அணியில் ஆடிக்கொண்டிருந்தபோது முட்டிச் சவ்வு கிழிந்தது. அதோடு ஆட்டம் முடிந்தது. பந்தை விட்டு விலக மனசு வரவில்லை. நடுவர் தேர்வு எழுதினேன். விசில் கைக்கு வந்தது. பிறகு ரயில்தான் வீடு என்று ஆகிவிட்டது. பள்ளியில் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு, ஒரு தோள் பையில் கறுப்புச் சட்டை, இரண்டு அட்டை, இரண்டு விசில், அம்மா கட்டிக் கொடுக்கிற கருவாட்டுப் பொட்டலம் இவற்றோடு கிளம்பிவிடுவேன்.

மைதானங்களின் குணம்

நம் நாட்டு மைதானங்கள் ஒன்றைப் போல ஒன்று இருப்பதில்லை. ஆளுக்கு ஆள் முகம் மாறுகிற மாதிரிதான்.

ஷில்லாங்கில் குளிர்காலத்தில் ஊதப் போனேன். உலோக விசில் குளிரில் வறண்ட உதட்டில் ஒட்டிக்கொண்டது. பிய்த்து எடுத்தபோது உதட்டுத் தோலும் கூட வந்தது. அன்றிலிருந்து பிளாஸ்டிக் விசில்தான். இம்பாலில் ஒரு பக்கம் முழுக்கப் பெண்களாக உட்கார்ந்திருந்தார்கள். சந்தை முடிந்த கையோடு கூடையும் குழந்தையுமாக வந்தவர்கள். ஆட்டம் முழுக்க என்னைத் திட்டித் தீர்த்துவிட்டு, முடிந்ததும் அவர்களில் ஒரு அம்மா என் கையில் சூடாக ஏதோ பலகாரத்தைத் திணித்தார். திட்டியதற்கு அது வட்டியா, அசலா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

கொல்கத்தாவின் பெரிய ஸ்டேடியத்தில் நான் நடுவராக இருந்ததில்லை. நான்காவது அலுவலராக ஓரத்தில் நின்றிருக்கிறேன், மாற்று ஆட்டக்காரர் பலகையைத் தூக்கிக்கொண்டு. அங்கே கூட்டத்தின் சத்தம் காதில் விழுவதற்கு முன்னால் நெஞ்சில் விழும். ஒரு கிளப் ஜெயித்தால் அதன் ஆட்கள் வீட்டில் இலிசா மீன், இன்னொரு கிளப் ஜெயித்தால் இறால் என்று ஒரு டாக்சிக்காரர் சொன்னார். மீன் விற்கிற வீட்டில் பிறந்தவளுக்கு அதைவிட வேறென்ன வேண்டும்? திரும்பி வந்து அம்மாவிடம் சொன்னேன். "அப்ப ரெண்டு பயலும் சமமா அடிச்சா என்னத்தத் திம்பாய்ங்க?" என்று கேட்டார். அந்தக் கேள்வியை நான் டாக்சிக்காரரிடம் கேட்காமல் வந்துவிட்டேன்.

கோவாவில் ஒரு கிராமத்து மைதானம். கோல் கம்பத்துக்குப் பின்னால் சர்ச், நடுவே ஒரு முழ உயரச் சுவர். பந்து அடிக்கடி பூசைக்குப் போய் வரும். மலப்புறத்தில் கமுக மரத்தை வெட்டிக் கட்டிய தற்காலிக கேலரியில் உட்கார்ந்து அணிக்கு ஏழு பேர் ஆடும் ஒரு செவன்ஸ் ஆட்டம் பார்த்தேன். கூட்டம் குதிக்கக் குதிக்கக் கேலரியும் ஊஞ்சல் மாதிரி ஆடியது. பக்கத்தில் இருந்த பாட்டியம்மா நிம்மதியாகக் கடலை தின்றுகொண்டிருந்தார். நான்தான் பலகையைப் பிடித்துக்கொண்டு சாமியைக் கும்பிட்டேன்.

எங்கே போனாலும் பெண் நடுவருக்கென்று தனி அறை இருக்காது. சுண்ணாம்பு மூட்டைக்கும் கிழிந்த வலைக்கும் நடுவில், சாமான் போட்டு வைக்கும் அறையில்தான் உடை மாற்றுவேன். கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லாத இடத்தில் மூட்டையை இழுத்து முட்டுக்கொடுப்பேன். இப்போது சில ஊர்களில் அறை கிடைக்கிறது. கண்ணாடிகூட இருக்கிறது. முதல்முறை அப்படி ஓர் அறையில் என் முகத்தைப் பார்த்துக்கொண்டே கொஞ்ச நேரம் நின்றுவிட்டேன்.

இத்தனை ஊர் சுற்றியதில் ஒரு வசதியும் இருந்தது. வங்காளியில் திட்டினார்கள், மணிப்புரியில் திட்டினார்கள், கொங்கணியில் திட்டினார்கள். ஒன்றும் புரியாது. புரியாத திட்டு மழைச் சத்தம் மாதிரி. நனைந்துகொண்டே ஓடலாம்.

எங்கள் ஊர்த் திடல்

எங்கள் ஊர் தொண்டிக்குத் தெற்கே, கடலை ஒட்டி இருக்கிறது. மாதா கோயிலுக்கும் கரைக்கும் நடுவில் உள்ள இடம்தான் திடல். பாதி மண், பாதி மணல். ஒரு கோல் கடலைப் பார்க்கும், மற்றது கோயிலைப் பார்க்கும். கோல் வலை எல்லாம் நிஜமான மீன் வலை. கடலுக்கு உதவாமல் போனது கோலுக்கு வந்துவிடும். பந்து உள்ளே போனால் மாட்டிக்கொள்ளும். ஒவ்வொரு கோலுக்கும் பந்தை வலையிலிருந்து பிரித்து எடுப்பது ஒரு தனி வேலை.

கோடை விடுமுறையில் கோப்பைப் போட்டி நடக்கும். சிக்கலிலிருந்து ஓர் அணி வரும், அபிராமத்திலிருந்து வரும், தொண்டியிலிருந்து இரண்டு வரும். மேற்கிலிருந்து கச்சான் காற்று அடிக்கிற பருவம் அது. உயரத் தூக்கி அடித்த பந்து எங்கே இறங்கும் என்று அடித்தவனுக்கே தெரியாது. எங்கள் ஊர்ப் பையன்களுக்கு மட்டும் அந்தக் காற்று அத்துப்படி. அதனால்தானோ என்னவோ கோப்பை பெரும்பாலும் எங்கள் கோயில் அலமாரியை விட்டு வெளியே போனதில்லை.

நான் சொல்கிற அந்த வருஷம் இறுதி ஆட்டத்துக்கு எங்கள் ஊரும் மண்டபம் முகாம் அணியும் வந்தன. இலங்கைத் தமிழர் முகாமில் வளர்ந்த பையன்கள். பெரும்பாலும் பெயின்ட் வேலைக்குப் போகிறவர்கள். முகாமுக்குள் ஒழுங்காக ஆட இடம் கிடையாது என்பதால் எல்லா ஆட்டத்தையும் வெளியூரில்தான் ஆடுவார்கள். மினி பஸ்ஸின் மேலே பெயின்ட் வாளிகளும் உள்ளே பந்துமாக வந்து இறங்குவார்கள்.

நான் வேடிக்கை பார்க்கத்தான் போயிருந்தேன். மதுரையிலிருந்து வர வேண்டிய நடுவருக்குத் திடீர்க் காய்ச்சல். கூட்டம் கரை வரைக்கும் நிறைந்துவிட்டது. கமிட்டிக்காரர்கள் என்னிடம் ஓடி வந்தார்கள்.

"நான் ஊத மாட்டேன். கோல்ல நிக்கிறது என் தம்பி" என்றேன்.

"அதெல்லாம் யாரு கேக்கப் போறா?"

"முகாம் ஆளுக கேக்கணும். மொதல்ல அவுகளக் கேளுங்க."

அதற்குள் முகாம் அணியின் கேப்டனே என்னிடம் வந்துவிட்டார். பெயர் ரஞ்சன். முப்பது வயதிருக்கும். பிறந்ததே முகாமில்தான். ஆனாலும் அம்மா அப்பாவின் கடல் தாண்டிய தமிழ் நாக்கில் அப்படியே இருந்தது. விரல் நகங்களில் நீலப் பெயின்ட்.

"கோலி உங்கட தம்பியெல்லோ?" என்று கேட்டார்.

"ஆமா."

அவர் டெனிஸ் நின்ற பக்கம் ஒரு தரம் பார்த்தார். பிறகு கூட்டத்தைப் பார்த்தார். ஆட்டத்தைத் தள்ளிப்போட்டால் அவருடைய பையன்கள் இன்னொரு நாள் கூலியை விட்டுவிட்டு வர வேண்டும் என்பது எனக்குத் தெரியும்.

"நாங்கள் எங்க போனாலும் அடுத்தவையின்ர ஊர்தானே அக்கா. ஆர் ஊதினா என்ன? நீங்கள் ஊதுங்கோ" என்றார்.

அந்த வார்த்தையில் கோபம் இல்லை. நம்பிக்கையும் இல்லை. அதுதான் என்னைக் குடைந்தது. தாழ்ப்பாள் உள்ள அறை தேடவில்லை. அம்மாவின் வீட்டுக்குப் போய்ச் சட்டையை மாற்றிக்கொண்டு வந்தேன். வழியில் டெனிஸ் எதிர்ப்பட்டான். கோல் கோட்டை, சுண்ணாம்பைக் கரைத்து ஊற்றி, காற்றில் பறக்காதபடி அவனே போட்டு முடித்திருந்தான். கை வெள்ளையாக இருந்தது.

"அக்கா, பாத்து ஊதுக்கா" என்று கண்ணைச் சிமிட்டினான்.

"பாத்துத்தான்டா ஊதுவேன்" என்றேன்.

இரண்டு பேரும் ஒரே சொல்லைத்தான் சொன்னோம்.

அந்தக் கடைசி நிமிடங்கள்

ஆட்டம் நன்றாக இருந்தது. காற்று எங்கள் பையன்களுக்குப் பழக்கம் என்றால், முகாம் பையன்கள் பந்தைத் தரையை விட்டு எழும்பவே விடவில்லை. சின்னச் சின்னதாகத் தட்டித் தட்டிக் காற்றுக்குக் கீழேயே கொண்டு போனார்கள். இரண்டு பக்கமும் கோல் இல்லை. எனக்குக் கொடி பிடித்தவர் அபிராமத்து உடற்கல்வி ஆசிரியர் ஒருவர். அமைதியான மனிதர். ஓடும்போதுகூடச் சட்டையைப் பேன்ட்டுக்குள் சரிசெய்துகொண்டே ஓடுவார்.

முடியப் போகிற நேரம். முகாம் அணியின் ஒல்லியான முன்வரிசை ஆட்டக்காரன் ஒருவன் எங்கள் தடுப்பைத் தாண்டிவிட்டான். அவனுக்கு முன்னால் டெனிஸ் மட்டும்தான். டெனிஸ் வெளியே பாய்ந்தான். பந்து கைக்கு வரவில்லை. அந்தப் பையனின் கால்தான் கைக்கு வந்தது.

நான் நாலு எட்டுத் தூரத்தில் நின்றேன். தெரியாமல் போக வழியே இல்லை. ஊதினேன். பெனால்டி இடத்தைக் காட்டினேன். டெனிஸுக்கு மஞ்சள் அட்டை.

அப்போதுதான் சொந்த ஊர் மைதானம் என்றால் என்னவென்று எனக்குப் புரிந்தது. எனக்கு எதிராக எழுந்த ஒவ்வொரு சொல்லும் புரிந்தது. குரலை வைத்தே ஆளைத் தெரிந்தது. "ஏத்தா, கண்ணு அவிஞ்சு போச்சா ஒனக்கு?" என்றது சித்தப்பா. "கூடப் பொறந்தவனுக்கே அட்டையக் காட்டுறா பாரு" என்றது என்னோடு ஐந்தாம் வகுப்பு வரை படித்தவள். புரியாத மொழி மழை என்றேனே, இது கல்மாரி.

டெனிஸ் எழுந்து மணலைத் தட்டிக்கொண்டு கோட்டில் போய் நின்றான். ரஞ்சன் பந்தை வைத்தார். நான் ஊதினேன். ரஞ்சன் ஓடி வந்தார்.

அவர் கால் பந்தில் படுவதற்கு முன்னாலேயே டெனிஸ் கோட்டைவிட்டு இரண்டு காலையும் முன்னால் வைத்துவிட்டான். ஒரு பெரிய எட்டு. நான் பார்த்தேன். பார்த்த அதே நொடியில் மனசுக்குள் ஒரு குரல், 'நீ பார்க்கலை' என்றது. அடுத்து பந்து வல்லத்தில் மோதுகிற சத்தம். அடுத்து ஊர்.

கூட்டத்துக்கு மேலாக, கோல் கோட்டின் ஓரத்தில், ஒரு கொடி உயர்ந்து நின்றது. அபிராமத்து ஆசிரியர். அத்தனை பேருக்கு நடுவில் அவர் மட்டும் அசையாமல் நின்றார். அந்தக் கொடியை என்னைத் தவிர யாரும் பார்க்கவில்லை. நான் கையைக் கீழே ஆட்டினால் அவர் இறக்கிவிடுவார். நடுவர் முடிவுதான் கடைசி முடிவு.

பல ஊர்களில் என்னை மிரட்டியிருக்கிறார்கள். தண்ணீர்ப் பாட்டிலை எறிந்திருக்கிறார்கள். போலீஸ் வண்டியில் ஏற்றி அனுப்பியிருக்கிறார்கள். அங்கெல்லாம் எனக்குப் பயம் வந்ததில்லை. அன்றைக்குத்தான் வந்தது. நாளை காலையில் நான் இங்கேதான் மீன் வாங்க வேண்டும். என் கல்யாணத்துக்குப் பந்தல் போட்டவர்கள்தான் இப்போது என் தம்பியைத் தோளில் தூக்க வந்துகொண்டிருக்கிறார்கள்.

அதோடு இன்னொன்றும் கண்ணில் பட்டது. ரஞ்சன் இடுப்பில் கை வைத்து நின்றார். அவர் என்னிடம் வந்து முறையிடவில்லை. அவருடைய பையன்களும் வரவில்லை. இப்படித்தான் நடக்கும் என்று முன்பே தெரிந்தவர்கள் மாதிரி, மினி பஸ் நின்ற பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

ஊதினேன். சத்தம் அடங்குகிற வரை ஊதினேன். "கீப்பர் கோட்ட விட்டு வந்துட்டாரு. திரும்ப அடிக்கணும். எல்லாரும் வெளிய போங்க."

கமிட்டித் தலைவர் ஓடி வந்தார். "கொடி புடிச்ச ஆளு வெளியூர்க்காரரு, அவரு பேச்சக் கேட்டு…"

"அவரு கொடிய மட்டும் பாத்துச் சொல்லல. நானும் என் கண்ணால பாத்தேன்."

திடலை ஒழுங்குபடுத்த வெகு நேரம் ஆனது. டெனிஸ் என் முகத்தைப் பார்க்காமல் மறுபடி கோட்டில் நின்றான். விதிப்படி எச்சரித்தேன். "அடுத்த தடவ அட்டை" என்றேன். வேறொருவனிடம் பேசுகிற மாதிரி குரல் வந்தது. ரஞ்சன் இந்த முறை அவசரப்படவில்லை. நேராக, நடுவில், தரையோடு அடித்தார். டெனிஸ் வலப் பக்கம் போயிருந்தான்.

பந்து மீன் வலையில் சிக்கிக்கொண்டது. அதைப் பிரித்து எடுக்க எங்கள் ஊரிலிருந்து ஒருவரும் வரவில்லை. ரஞ்சனே உட்கார்ந்து கண்ணி கண்ணியாகப் பிரித்து எடுத்து, நடு மைதானத்தில் கொண்டு வந்து வைத்தார். கொஞ்ச நேரத்தில் கடைசி விசில். கோப்பை மினி பஸ்ஸில் ஏறி மண்டபம் போயிற்று.

சங்கும் விசிலும்

அன்று வீட்டில் அம்மா எனக்குச் சோறு போட்டார். டெனிஸ் சாப்பிட வரவில்லை. அவன் தட்டை மூடி வைத்தார். 

மறுநாள் காலையில் ராமநாதபுரம் பஸ்ஸைப் பிடிக்குமுன் மீன் வாங்க அம்மாவோடு ஏலம் விடுகிற இடத்துக்குப் போனேன். எனக்கு யாரும் வழிவிடவில்லை, தடுக்கவும் இல்லை. ஓர் அத்தை மட்டும், கூடையைத் தூக்கிக்கொண்டே, எனக்குக் கேட்கட்டும் என்று அம்மாவிடம் சொன்னார்:

"ஊரு ஊரா விசிலு ஊதுறா ஒம் மக. சொந்த ஊருக்கு ஒரு நாளு ஊதுனா என்னவாம்?"

அம்மா மீனைத் தூக்கிப் பார்த்து, செவுளை விரித்துப் பார்த்து, கீழே வைத்தார்.

"ஊருக்காக ஊதுறதுக்கு அவ என்ன சங்கா? அவ ஊதுறது விசிலு. ரெண்டு பக்கத்துக்கும் பொது" என்றார்.

சுற்றி நின்ற இரண்டு மூன்று பேர் சிரித்துவிட்டார்கள். அத்தைக்கும் சிரிப்பு உதடு வரை வந்தது. அடக்கிக்கொண்டார். நான் பஸ்ஸில் ஏறியதும், ஜன்னலோரம் உட்கார்ந்து, தேவிபட்டினம் வருகிற வரைக்கும் அழுதேன். துக்கத்தில் அழவில்லை. என்ன அழுகை அது என்று எனக்கே பெயர் தெரியவில்லை.

டெனிஸ் மட்டும் பேசவில்லை. அம்மாவுக்குப் போன் செய்தால் சில நேரம் அவன் எடுப்பான். "அம்மாட்ட குடுக்குறேன்." அவ்வளவுதான். நான் கவுகாத்தி போய் வந்தேன், பெங்களூரு போய் வந்தேன். அவன் பேச்சு அந்த இரண்டு சொல்லுக்கு மேல் வளரவில்லை.

ஏணியின் மேல் ஒருவர்

ஊர்த் திருவிழாவுக்கு முன்னால் கோயிலுக்கு வெள்ளையடிப்பார்கள். அந்த வருஷம் அந்த வேலையை எடுத்தது ரஞ்சனும் அவருடைய ஆட்களும். யார் கொடுத்தார்கள், எப்படிக் கொடுத்தார்கள் என்று தெரியாது. எங்கள் கத்தோலிக்க மறைமாவட்டத்தில் பல கோயில்களுக்கு அவர்கள்தான் பெயின்ட் அடிப்பவர்கள்.

அங்கே நடந்ததை டெனிஸின் மனைவி சொல்லித்தான் கேட்டேன். முதல் இரண்டு நாள் டெனிஸ் அந்தப் பக்கமே போகவில்லையாம். மூன்றாம் நாள் காற்று அதிகம், வல்லம் கடலுக்குப் போகவில்லை. சும்மா திரிந்தவன் கோயில் வாசலில் நின்று மேலே பார்த்திருக்கிறான். ரஞ்சன் ஏணியின் உச்சியில், ஒரு கையில் வாளி, ஒரு கையில் பிரஷ்.

"அண்ணே, ஏணி ஆடுது" என்றானாம் டெனிஸ்.

"ஓம், ஆடுது. பிடியுங்கோவன்."

இவன் ஏணியைப் பிடித்திருக்கிறான். மத்தியானம் வரை பிடித்திருக்கிறான். சாப்பாட்டுக்கு வீட்டுக்கே கூட்டிக்கொண்டு வந்துவிட்டானாம்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை நான் ஊருக்குப் போயிருந்தேன். டெனிஸ் என் முன்னால் வந்து நின்றான். இடுப்பில் பந்து.

"ஒரு காலு கோட்ல இருந்தாப் போதுமா?" என்றான்.

"போதும். ஒரு காலு கோட்டு மேல இருக்கட்டும். இன்னொரு காலு எங்க வேணாப் போகட்டும்."

"இத மொதல்லயே சொல்லித் தொலைச்சிருக்கலாம்ல?"

"நீ மொதல்லயே கேட்டுத் தொலைச்சிருக்கலாம்ல?"

முறைத்தான். நானும் முறைத்தேன். பிறகு கரைக்குப் போனோம். குதிகாலால் மணலில் கோடு கிழித்தான். நான் கிழிந்த முட்டியோடு பந்தை அடிக்க, அவன் ஒரு காலைக் கோட்டில் ஊன்றி மறு காலால் எத்திப் பாய்ந்து பார்த்தான். பாதிக்கு மேல் தடுத்தான். பாவி, முதலிலிருந்தே அவனுக்கு அந்தத் திருட்டு எட்டு தேவையே இல்லை. அம்மா தூரத்திலிருந்து, "ஏலே, அவ முட்டிய ஒடைக்காம விடு" என்று கத்தினார்.

மூச்சு இளைக்க மணலில் உட்கார்ந்திருந்தபோது சொன்னான்: "ரஞ்சன் அண்ணே ஆளுங்களுக்கு ஒரு எடம் கெடச்சிருக்காம்க்கா. எடத்துக்காரவுக ஆடிக்கிறலாம்னு சொல்லிட்டாகளாம். மொத ஆட்டத்துக்கு நம்மளத்தான் கூப்புடுறாக. நீதான் ஊதணுமாம்."

"இன்னும் நான் ஒன் அக்காதான்டா."

"அதச் சொன்னேன். அது தெரிஞ்சுதான் கேக்குறோம்னு சொல்றாரு."

எத்தனையோ கடிதங்களில் எத்தனையோ ஆட்டங்களுக்கு என்னை நியமித்திருக்கிறார்கள். அந்தச் சொல்லுக்கு இணையாக எந்த நியமனமும் இல்லை.

முள் எடுத்த இடம்

மண்டபத்தில், முகாமுக்குச் சற்றுத் தள்ளி, சீமைக் கருவேலம் மண்டிக் கிடந்த ஒரு தரிசு அது. வேரோடு பிடுங்கி, பள்ளம் நிரப்பி, சமப்படுத்தியிருந்தார்கள். கருவேல முள் சும்மா போகாது. மண்ணுக்குள் கிடந்து வருஷக் கணக்கில் குத்தும். முகாம் பெண்கள் சாயங்காலங்களில் வரிசையாக உட்கார்ந்து, அரிசியில் கல் பொறுக்குகிற மாதிரி அந்த மைதானம் முழுவதையும் பொறுக்கியிருக்கிறார்கள். செருப்பைக் கழற்றிவிட்டு ஒரு சுற்று நடந்து பார்த்தேன். ஒரு முள் இல்லை.

கோல் கம்பங்களைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். சவுக்குக் கட்டைதான். ஆனால் பெயின்ட் அடிப்பவர்கள் நிறுத்திய கம்பம் அல்லவா! பட்டி பார்த்து, தேய்த்து, பூச்சுக்கு மேல் பூச்சாக அடித்து, பீங்கான் மாதிரி மின்னியது. இந்தியாவில் எந்த ஸ்டேடியத்திலும் அத்தனை அழகான கோல் கம்பத்தை நான் பார்த்ததில்லை.

வலையை எங்கள் ஊர்க்காரர்கள் கொண்டு வந்திருந்தார்கள். டெனிஸும் அவன் கூட்டாளிகளும் குட்டியானை வண்டியில் ஏற்றி வந்து, அவர்களே கட்டிக் கொடுத்தார்கள். வண்டியிலிருந்து சித்தப்பாவும் இறங்கினார், என் கண் அவிந்துபோனதாகச் சொன்ன அதே சித்தப்பா. "வேடிக்க பாக்க வந்தேன்" என்று என்னைப் பார்க்காமல் சொன்னார்.

பிளாஸ்டிக் நாற்காலிகளில் முகாமின் பெரியவர்கள். பாய் விரித்துப் பெண்கள். சீவிய பனங்கிழங்கும் தேநீரும் ஓடிக்கொண்டிருந்தன. கடல் காற்று நெற்றியை வருடியது. வெயில் சாய்ந்து, மண் மஞ்சளாகத் தெரிந்தது. நான் நடு வட்டத்துக்கு நடந்தேன். கேப்டன்கள் இரண்டு பேரும் வந்தார்கள். ரஞ்சனின் நகத்தில் இன்று வெள்ளைப் பெயின்ட்.

எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. நாணயம் சுண்டும்போது, வெளியூரிலிருந்து வந்த அணியின் கேப்டன்தான் தலையா பூவா என்று சொல்ல வேண்டும். விருந்தாளிக்கு அது மரியாதை.

நாணயத்தைச் சுண்டினேன். அது மேலே போகும்போதே ரஞ்சன் பழக்கத்தில் சொன்னார்:

"தலை."

டெனிஸ் அவர் தோளைத் தொட்டான்.

"அண்ணே, நாந்தாண்ணே சொல்லணும். இன்னைக்கி வந்துருக்கது நாங்கள்ல? இது ஒங்க கிரவுண்டுண்ணே."

ரஞ்சன் ஒரு கணம் அவனைப் பார்த்தார். பிறகு சுற்றிலும் பார்த்தார். கம்பங்களை, பாயில் இருந்த பெண்களை, முகாமின் ஓட்டுக் கூரைகளை.  சிரித்துவிட்டார்.

"ஓமெல்லோ" என்றார். "ஓமெல்லோ."

நாணயம் மண்ணில் கிடந்தது. அது தலையா பூவா என்று எங்கள் மூன்று பேரில் யாரும் குனிந்து பார்க்கவில்லை. நான் எடுத்துச் சட்டையில் துடைத்துக்கொண்டு, மறுபடி சுண்டினேன்.

டெனிஸ் "பூ" என்றான்.